இரண்டாம் விலை

வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் இரவு ஏழு மணிக்குமேல் நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். தொடர்மாடி வீடுகளின் முகப்புகளில், இரும்புக் கம்பியைப் பற்றியபடி, உடலிற் பாதி வெளியே சாய்ந்திருக்க, ஆண்களும் பெண்களும் கைத்தொலைபேசியில் உரத்த குரலிற் பேசிக்கொண்டிருப்பர். கடற்காற்று வாங்க நிற்கிறார்கள் என்று ஊருக்குப் புதியவர் எண்ணக்கூடும். காற்று வாங்க நிற்பவர் எவரும் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிற்பதில்லை. வீட்டுக்குள்ளே குரல் எட்டாமையால் வெளியே வந்தவர்கள் இவர்கள். மகளின் பேறுகாலச் செய்தி, வங்கிக் கடனின் தவணை, ஊரிற் காணி விலைப்பட்ட விபரம் யாவும் ஒழுங்கை முழுவதும் அறிய ஒலிபரப்பாகின்றன.

நாம் குடியிருக்கும் தொடர்மாடியில், இரண்டாம் மாடியின் பின்புற வீட்டில், ஒரு மூதாட்டி தனித்து வாழ்கிறார். பிள்ளைகள் மூவரும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கின்றனர். அந்த வீட்டில் அலை கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று: சமையலறை யன்னலுக்கும் எரிவாயு உருளைக்கும் இடைப்பட்ட ஓரடி நிலம். அங்கே ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறார். பிள்ளைகள் அழைக்கும் நேரம் தெரிந்து முன்கூட்டியே போய் அமர்ந்துகொள்வார். ஓரிரவு தலை சுற்றிக் கூடத்தில் விழுந்தபோது தொலைபேசி அவர் கையிலேயே இருந்தது. எண்ணை அழுத்தினார், அழைப்புப் போகவில்லை. முக்காலி வரை தவழ்ந்து சென்ற பின்னரே நான்காம் மாடியில் உள்ள ஒருவருக்கு அவரது குரல் கேட்டது. நோயாளர் வண்டியை அழைக்கும் 1990 என்ற எண், 2016 முதல் இந்நாட்டில் இலவசம். அந்த எண் எடுபடும் இடம் அவர் வீட்டில் ஓரடியே.

செய்தி அறிந்த மூத்த மகன் தொலைபேசி நிறுவனத்துக்கு முறையிட்டான். மறுமுனையிற் பேசிய பெண் மிகப் பணிவாகவே பதில் சொன்னாள்: "கட்டடத்துக்கு உள்ளே அலை கிடைக்கும் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை, ஐயா. வீட்டுக்கு எங்களது இணைய இணைப்பு ஒன்றை எடுத்தீர்களானால் அதன் வழியாக அழைப்பு வரும்." அதே நிறுவனம், இன்னொரு பட்டியல். அம்மாவின் பழைய தொலைபேசி அந்த வசதிக்கு உதவாது என்பதால் புதியதொன்றும் வாங்கவேண்டியதாயிற்று. அவன் வாங்கினான். மாதந்தோறும் கட்டியும் வருகிறான்.

அவன் செய்தது சரியா என்று கேட்பது அபத்தம். தாய் தரையிற் கிடந்தாள் என்று கேட்ட பின்னர் எந்தப் பிள்ளையும் அதையே செய்வான். ஆனால் வேறொரு கேள்வி மிஞ்சுகிறது. ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய ஒன்றைப் பயன்படுத்துவதற்காக இன்னொரு விலையையும் கொடுக்கும்படி மக்களை ஆக்குவது நியாயமா? அந்த இரண்டாம் விலையைக் கொடுக்க இயன்றவர்கள் கொடுத்துவிட்டு அமைதியடைகிறபோது, கொடுக்க இயலாதவர்களிடம் அவர்கள் எதையேனும் கடன்பட்டு நிற்கிறார்களா? அரிசி விலையும் பால்மா விலையும் மக்களை வாட்டும் நாளில் இந்த அலை விவகாரம் அற்பமானதன்றோ என்று சிலர் சொல்லலாம். அற்பமானதென்று நாமும் எண்ணியிருந்தோம். அந்த இரண்டாம் விலையைக் கொடுத்தவர்களுள் நாமும் அடக்கம் என்பதை மறைக்காமற் சொல்லிவிட்டே இதனை எழுதுகிறோம்.

கணக்காளராகத் தொழில் புரியும் நண்பர் ஒருவரிடம் இதைப் பேசியபோது அவர் நம்மை இலகுவாக விட்டுவிடவில்லை. மின்சார சபை மின்மானி வரைக்குமே மின்சாரம் தருகிறது. உள்ளே எத்தனை விளக்குப் பூட்டுவது என்பது உமது செலவு. அதுபோலத் தெரு வரைக்கும் அலை வருகிறது. சுவரைக் கட்டியது நீர். உமது சுவருக்காகத் தெருவில் நின்று பேசும் ஏழை ஏன் கூடுதற் கட்டணம் செலுத்தவேண்டும்? இதுவே அவர் வாதம். வலுவான வாதந்தான். எல்லாருக்கும் எல்லா அறையிலும் அலை கிடைக்கச் செய்தால் அந்தச் செலவு எல்லார் கட்டணத்திலுமே ஏறும். சிறு வீட்டுக்காரன் பெருவீட்டுக்காரனின் படுக்கையறைக்குப் பணம் கட்டியவன் ஆவான். முற்போக்காளர் பலர் இக்கணக்கைப் பாராமலே கோஷம் எழுப்பிவிடுகின்றனர்.

ஆயினும் மின்மானி உவமை இங்கே முழுதாகப் பொருந்தவில்லை. மின்மானிக்கு இப்பால் நாம் வாங்குவது விளக்கு. தொலைபேசி விடயத்திலோ விளக்கை முன்னரே வாங்கிவிட்டோம். அது வீட்டில் எரியும் என்று நம்பியே வாங்கினோம். கைத்தொலைபேசி விளம்பரம் எதிலாவது மனிதர் தெருவில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிற்கக் கண்டதுண்டா? விளம்பரத்திற் கூடத்தில் அமர்ந்து சிரிக்கும் குடும்பம். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில், கட்டடத்துள் உத்தரவாதமில்லை. விற்கும்போது ஒரு பொருள், முறையிடும்போது வேறொரு பொருள்.

சுவரைக் கட்டியது யார் என்பதும் ஆராயத்தக்கது. கைத்தொலைபேசியின் அலை வானொலி அலையின் ஓரினமே. அதிர்வெண் ஏற ஏற அது அதிகத் தரவைச் சுமக்கும். சுவரைத் துளைக்கும் ஆற்றலோ குறையும். 900 மெகாஹேட்ஸ் அலை ஒரு கற்சுவரைக் கடந்து ஓரளவு உயிரோடு வரும். 1800லும் 2100லும் வருவது கம்பி பின்னிய கொங்கிறீற்றை இரண்டு தடவை கடப்பதற்குள் களைத்துவிடும். இக்காலத்துக் கட்டடங்களிற் பூசும் வெப்பந்தடுக்கும் கண்ணாடியிலும் உலோகப் படலம் உண்டு. ஓட்டுக் கூரையும் முற்றமுமாக ஒழுங்கைக்குப் பத்து வீடிருந்த வெள்ளவத்தையில் இத்தொல்லை இவ்வளவு எழுந்திராது. அந்த வளவுகளை விழுங்கித் தொடர்மாடிகள் எழுந்தது எதனால்? 1983இன் நெருப்புக்குப் பின்னரும், வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் விரிந்த ஆண்டுகளிலும், தலைநகரில் ஓரிடம் தேடி வந்த மக்களுக்கு நிலம் போதவில்லை. நிலத்துக்கு விலை ஏறிற்று. கட்டடக்காரர் மேல்நோக்கிக் கட்டினர். ஒன்றோடொன்று தோள் உரசும் இந்தக் கொங்கிறீற்றுப் பெட்டிகளுக்குள் குடிபுகுந்த எவரும் சுவரின் கனத்தைத் தீர்மானிக்கவில்லை. கட்டியவர் இலாபத்தோடு போய்விட்டார். "சுவரைக் கட்டியது நீர்" என்று குடியிருப்பவரைக் குற்றஞ்சாட்டுவது சரியன்று.

இம்மக்களுக்குத் தொலைபேசி ஆடம்பரமாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதையும் இங்கே நினைவுகூரவேண்டும். வடக்கிலே தொலைபேசித் தொடர்பு அறுந்து கிடந்த தொண்ணூறுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மூலைக்கு மூலை 'கொம்யூனிகேஷன்' கடைகள் முளைத்தன. வெளிநாட்டுப் பிள்ளையின் அழைப்புக்காக மரப்பலகைத் தடுப்புக்கு வெளியே வாங்கில் அமர்ந்து காத்திருந்த தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். முகவர் கையிற் கொடுத்த பணம் போய்ச் சேர்ந்ததா, மகன் எந்த நாட்டு எல்லையில் நிற்கிறான் என்ற செய்திகள் அந்தத் தடுப்புக்குள்ளேதான் வந்தன. பணக்காரரும் ஏழையும் ஒரே வாங்கில் இருந்தனர் என்று அக்காலத்தைப் புகழ்வதற்கில்லை. அந்த வாங்கு அச்சத்தின் வாங்கு. 2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலையில் இவ்விரு பகுதிகளினதும் புறக்கோட்டையினதும் விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்படிப்பட்ட விடியற்காலையில் யாருக்கு ஒரு சொல் சொல்லமுடியும் என்பதே உயிர்க் கேள்வி. குரல் எட்டுவதும் எட்டாமையும் இங்கே வசதிப் பிரச்சினை மாத்திரமாக இருந்ததில்லை.

வானலை எவருடையது? நிலத்தையும் கடலையும் போல அதுவும் மக்களின் பொதுச்சொத்து. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், 1996இல் அதைத் திருத்தி அமைக்கப்பட்ட ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும், இந்தப் பொதுச்சொத்தை நிறுவனங்களுக்கு உரிமத்தின் பேரிற் பங்கிட்டுக் கொடுப்பதற்காகவே உள்ளன. தென்னாசியாவின் முதலாவது கைத்தொலைபேசிச் சேவை 1989இல் செல்ரெல் என்ற பெயரில் இந்நாட்டிலேயே தொடங்கிற்று. அன்று அது செல்வரின் கைப்பொருள். இன்று நாட்டின் மக்கள்தொகையிலும் இணைப்புகளின் தொகை பெரிது. 2009இல் ஐந்து நிறுவனங்கள் போட்டியிட்டன, 2018இல் எற்றிசலாற்றை ஹட்ச் வாங்கிற்று, 2024இல் எயார்ரெல் டயலொக்குடன் இணைந்தது, எஞ்சியுள்ளவை மூன்று. பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே என்பார்க்கு இதுவே விடை. மூன்று பேரும் அதே சுவருக்கு முன்னாலேயே நிற்கின்றனர். 2022 செப்ரெம்பரிற் கட்டணங்கள் 20 வீதம் உயர்ந்தன; 2024 ஜனவரி முதற்கொண்டு பெறுமதி சேர் வரி 18 வீதம். இரண்டாம் விலைக்கும் இந்த வரி உண்டு.

இரண்டாம் விலை நம் நாட்டுக் கண்டுபிடிப்பன்று. 2008இல் அமெரிக்காவின் ஸ்பிரின்ற் நிறுவனம் வீட்டில் வைக்கும் ஒரு சிறு கோபுரப் பெட்டியை நாடெங்கும் விற்கத் தொடங்கிற்று. பெட்டிக்குச் சுமார் 100 டொலர். அதற்கு மேல் மாதந்தோறும் 4.99 டொலர். 2010இல் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் இதேபோன்ற பெட்டியை 150 டொலருக்கு விற்றது. பிரித்தானியாவில் வொடபோன் 2009இல் இதைக் கொண்டுவந்தது. பெட்டி வேலை செய்வது எவ்வாறு? வாடிக்கையாளர் தமது வீட்டில் தாம் பணங்கட்டி எடுத்திருக்கும் இணையக் கம்பியோடு அதைப் பூட்டவேண்டும். மின்சாரம் அவருடையது, இடம் அவருடையது, கம்பி அவருடையது. அழைப்பு அந்தக் கம்பி வழியே நிறுவனத்தின் மத்திய நிலையத்துக்குப் போகும். கட்டணம் வழக்கம்போல் நிறுவனத்துக்கு. அவரது வீடு நிறுவனத்தின் கோபுரமாக மாறிவிடுகிறது. கோபுரத்துக்கு வாடகையையும் அவரே கொடுக்கிறார். சந்தைக்கு வருபவன் தராசையும் படிக்கல்லையும் தானே சுமந்து வரவேண்டும், நிறுத்துத் தருவதற்குக் கூலியும் கொடுக்கவேண்டும் என்றால் எப்படியோ அப்படி. நம் தொடர்மாடி மூதாட்டியின் வீட்டில் நடப்பதும், பெட்டியின் வடிவம் வேறாயினும், இதுவே.

இதைவிடக் கொடிய இன்னொரு வழியும் உண்டு. கூரையில் ஒரு அண்டெனாவை நிறுத்தி, வரும் அலையைப் பெருக்கி வீட்டுக்குள் விடும் 'பூஸ்ரர்' என்ற கருவி. உரிமமில்லாமல் வானொலி அலை பரப்பும் கருவியைப் பூட்டுவது சட்டத்துக்கு மாறானது. ஆனால் வாங்குவோர் அதை அறியார், விற்போர் அறிவிப்பதில்லை. தரங்கெட்ட பூஸ்ரர் தான் பெருக்கிய அலையைத் தானே மீண்டும் விழுங்கிக் கூச்சலிடத் தொடங்கும். அக்கூச்சல் அருகிலுள்ள கோபுரத்தின் காதை அடைக்கும். கோபுரம் தூரத்துத் தொலைபேசிகளின் மெல்லிய குரலைக் கேட்கமாட்டாது போகும். ஒரு வீட்டில் அலை நிறைந்து வழிய, அயலிற் பத்து வீடுகளில் இருந்த கொஞ்சமும் போய்விடும். நமது கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் இப்படியொரு கருவியைப் பூட்டிய மாதத்தில், கீழ்த்தள வீடுகளில் முகப்பில் நின்றாலும் பேசமுடியவில்லை. காரணம் எவருக்கும் தெரியவில்லை. கோபுரத்தைத் திட்டினோம், மழையைத் திட்டினோம். அலைத்தொழில் அறிந்த இளைஞர் ஒருவர் தற்செயலாக வந்து சொன்ன பின்னரே விளங்கிற்று. ஐந்தாம் மாடிக்காரர் தீயவர் அல்லர். அயலாருக்கு ஊறு செய்கிறோம் என்று அறிந்ததும் வெட்கப்பட்டுக் கழற்றிவிட்டார்.

கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய கதையன்று. குழாயில் நீர் மெலிந்த காலத்திற் பணமுள்ளவர் தெருக் குழாயோடு நேரே மோட்டரைப் பூட்டி உறிஞ்சினர். அவரது தொட்டி நிறைந்தது, அடுத்த வீட்டுக் குழாய் வெறும் காற்றை ஊதிற்று. உடனே அடுத்த வீட்டுக்காரரும் ஒரு மோட்டர் வாங்கினார். ஒழுங்கை முழுவதும் மோட்டர் பூட்டப்பட்டதும் எவருக்கும் முன்னிலும் அதிக நீர் வரவில்லை. மோட்டர் வாங்க வழியற்ற வீட்டில் மாத்திரம் நீரே வரவில்லை. அலையும் நீரும் இவ்வகையில் உடன்பிறப்புகள். இரண்டும் பங்கிட்டு உண்ணவேண்டிய பொருள்கள். பங்கிட்டு உண்ணும் பொருளில் "என் பணம், என் வசதி" என்ற பேச்சு அரைவாசி உண்மையே.

இனிக் கொட்டாஞ்சேனைக்குப் போவோம். பொன்ஜீன் வீதியின் பெரிய வீடுகளை விட்டுவிட்டு, ஜம்பட்டா வீதிப் பக்கத்திலும் புளுமெண்டால் பக்கத்திலும் உள்ள தோட்டங்களுக்குள் நுழைவோம். கொழும்பார் தோட்டம் என்பது பூவும் காயும் விளையும் தோட்டமன்று; பொதுக் குழாயையும் பொதுக் கழிவறையையும் சுற்றி நெருங்கிய வீட்டு வரிசைகள். கூரை தகரம். உலோகத் தகட்டைப்போல் வானொலி அலையைத் தடுத்துத் திருப்பி அனுப்பும் கூரை வேறில்லை. பணக்காரன் வெப்பந்தடுக்கும் கண்ணாடியாற் பெறும் தொல்லையை ஏழை தகரத்தாற் பெறுகிறான். வேறுபாடு தீர்வில் இருக்கிறது. இங்கே வீட்டுக்கு இணையக் கம்பி இல்லை. மாதப் பட்டியல் இல்லை. ஐம்பது, நூறு ரூபாவாக 'ரீலோட்' போடும் வாழ்க்கை.

இத்தோட்டங்களில் வாழும் ஆண்களிற் பலர் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகள். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய லொறி எத்தனை மணிக்கு வரும், இன்று எத்தனை பேர் தேவை என்பது தொலைபேசி வழியாகவே இப்போது தீர்மானமாகிறது. அழைப்பு எட்டாதவனுக்குப் பதிலாக இன்னொருவன் போய்விடுவான்; அன்றைய கூலி போயிற்று. முச்சக்கரவண்டி ஓட்டுபவனுக்கு வாடகைச் செயலி, வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு அம்மாவின் அழைப்பு, துறைமுகத்தில் நாட்கூலி வேலை எதிர்பார்ப்பவனுக்கு மேற்பார்வையாளனின் அழைப்பு. நாம் அறிந்த ஒரு நாட்டாமை, வயது ஐம்பதுக்கு மேல், அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து தோட்டத்து வாயிலில் பிள்ளையார் மாடத்தின் ஓரத்தில் வந்து குந்திக்கொள்வார். "அங்கதான் சார் போன் பேசும்" என்றார். மழை நாளிற் பொலித்தீன் தாளைத் தலையிற் போட்டுக்கொள்வாராம். இவரும் இரண்டாம் விலை கொடுக்கிறார். அது ரூபாவில் இல்லை, உறக்கத்தில் இருக்கிறது.

கணக்காள நண்பரின் வாதத்துக்கு இங்கேதான் உண்மையான விடை கிடைக்கிறது. தெருவில் நின்று பேசும் ஏழைக்காக அவர் பரிந்து பேசினார். ஆனால் அந்த ஏழை தெருவை விரும்பித் தேர்ந்தவன் அல்லன். அவன் வீட்டுக்குள்ளும் அலை வரவேண்டும் என்ற கோரிக்கையை யார் எழுப்புவது? கூடத்தில் அலை வராதபோது வெள்ளவத்தை ஆசிரியரும் வழக்கறிஞரும் வங்கி உத்தியோகத்தரும் எழுப்பியிருக்கக்கூடிய குரல், ஒரு பெட்டி வாங்கியதும் அடங்கிவிடுகிறது. எழுதத் தெரிந்தவர், சட்டம் அறிந்தவர், ஆங்கிலத்தில் முறையிடக்கூடியவர் ஒவ்வொருவராக வரிசையை விட்டு விலகுகின்றனர். வரிசையில் எஞ்சுவோரின் குரல் ஏற்கெனவே எங்கும் எட்டாத குரல். நிறுவனத்துக்கு இது இரட்டை இலாபம்: பெட்டிக்கும் பணம் வந்தது, முறைப்பாடும் ஒழிந்தது.

ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு இதை நீட்டி விளக்கவேண்டியதில்லை. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. இன்று வெள்ளவத்தையில் மாலை நேரத்தில் எந்த ஒழுங்கையில் நுழைந்தாலும் ரியூஷன் வகுப்பு முடிந்து வரும் பிள்ளைக் கூட்டம். ஏற்கெனவே வரியாகச் செலுத்திய கல்விக்கு வீடுகள் தோறும் இரண்டாம் விலை. பகலிற் பாடசாலையிற் சோர்ந்து நிற்கும் அதே ஆசிரியர் மாலையில் ஒலிபெருக்கியோடு சுறுசுறுப்பாக நிற்பதை நம்மில் அறியாதார் யார்? ரியூஷனுக்குப் பணம் கட்டிய பெற்றார் பாடசாலையிற் கணித ஆசிரியர் இல்லையென்று கேட்டு அதிபர் வாசலில் நிற்பதில்லை. குற்றம் பெற்றாருடையதுமன்று. ஆனாலும் கணித ஆசிரியர் வராமலே போகிறார்.

பெருந்தொற்றுக் காலம் இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டுவந்து நிறுத்திற்று. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி வானலைக்கு மாறிற்று. நாட்டின் 43 இலட்சம் மாணவரில் 40 வீதமானோரே இணைய வகுப்பிற் பங்குகொள்ள முடிகிறதென 2021இல் இலங்கை ஆசிரியர் சங்கம் மதிப்பிட்டது. ஊவாவின் போகிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டு வழியாகக் குன்றின் மேலேறிப் பாறையில் அமர்ந்து பாடம் நடத்திய படங்களை உலகம் கண்டது. அக்குன்று எல்லார் கண்ணிலும் பட்டது. கொட்டாஞ்சேனைத் தகரக் கூரையின் கீழ், கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே, ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் வாசலுக்கு வாசல் தூக்கித் திரிந்தது படத்துக்கு ஏற்ற காட்சியாய் இருக்கவில்லை. ஆசிரியர் பலர் தம் சம்பளத்திலேயே தரவுக் கட்டணத்தைச் செலுத்திப் படிப்பித்தனர். 2021 யூலை 12 முதல் அவர்கள் இணையக் கற்பித்தலை நிறுத்திச் சம்பள முரண்பாட்டுக்கு எதிராகப் போராடினர். அப்போராட்டம் மாதக் கணக்கில் நீடித்தது. ஆளுக்கொரு பெட்டி வாங்கித் தீர்க்கமுடியாத பிரச்சினை என்பதால் அங்கே கூட்டுக் குரல் எழுந்தது.

இரண்டாம் விலை கொடுத்தவர்களுக்குத்தான் முழு நிம்மதி கிடைத்ததா? 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கோபுரங்களின் மின்கலங்கள் வற்றின. வீட்டுப் பெட்டியோ மின்சாரம் நின்ற கணத்திலேயே கண்ணை மூடிக்கொண்டது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்திற் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் இருளுற்றதென்று அமைச்சர் சொன்னார். அன்று நாம் இரண்டாம் மாடிக்கு இறங்கிப் பார்த்தபோது மூதாட்டி முக்காலியில் அமர்ந்திருந்தார். முக்காலியை அப்புறப்படுத்த வேண்டாமென்று மகனிடம் முன்னரே சொல்லி வைத்திருந்தாராம். "உந்தப் பெட்டியை நம்பேலாது, தம்பி" என்றார்.

தீர்வு இல்லாமலில்லை. பெருங்கட்டடம் ஒன்றின் உள்ளே, மாடி தோறும் சிறு அண்டெனாக்களைப் பொதுவாகப் பூட்டி எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தச் செய்யும் முறை உலகெங்கும் பழகிய முறை. நட்சத்திர விடுதிகளிலும் பெருங் கடைத்தொகுதிகளிலும் அலை குறைவதில்லை. அங்கே இது செய்யப்படுகிறது. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி கோபுர வீடுகள் எழுந்து நிற்கின்றன. 1933இல் கொல்வின் ஆர். டி சில்வா முதலானோர் தலைமை தாங்க, ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த மண் அது. அந்நிலத்துக்கும் நமது ஒழுங்கைகளுக்கும் இடையிற் சில நூறு யார் தூரமே. பணம் திரண்ட கட்டடத்துக்குள் அலையைக் கொண்டுவர வழி தெரிந்த தொழிற்றுறைக்கு, திரளாத கட்டடத்துக்கும் தோட்டத்துக்கும் கொண்டுவர வழி தெரியாதென்பதை நாம் நம்பத் தயாரில்லை. நீருக்கும் கழிவுக்கும் தீத்தடுப்புக்கும் இடம் காட்டாத கட்டட வரைபடத்தை மாநகரம் ஏற்பதில்லை. அலைக்கும் இடம் காட்டவேண்டும் என்று கேட்பதில் என்ன பிழை? வானலைக்கு உரிமம் கொடுக்கும்போது, தெருவில் எவ்வளவு அலை என்பதோடு வீட்டுக்குள் எவ்வளவு என்பதையும் அளந்து வெளியிடும்படி நிபந்தனை விதித்தாலென்ன? செலவு எல்லார் கட்டணத்திலும் சிறிது ஏறும். ஏறட்டும். நாட்டாமையின் கட்டணத்திற் சில சதம் ஏறி, அவர் மூன்று மணிக்கு மாடத்தோரம் குந்துவது நிற்குமானால், அந்தக் கணக்கை அவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

சென்ற மாதம் நமது கட்டடத்தில் இதையொட்டி ஒரு கூட்டம் நடந்தது. கூரையில் அண்டெனா வைக்க இடந்தந்தால் வாடகை கிடைக்கும், கீழ்த்தளங்களுக்கும் அலை வரும் என்று செயலாளர் சொன்னார். மேல்மாடிக்காரர் புற்றுநோய் வரும் என்று எதிர்த்தனர். அவர்களது அச்சத்தை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் இவ்வலைகளை 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ளவை' என்ற வகையிற் சேர்த்தது உண்மை. அவை உண்டாக்குகின்றன என்று நிறுவியதாகச் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் அண்டெனா தன் அலையைப் பெரும்பாலும் கிடையாகவே வீசும். நேர் கீழே விழுவது சொற்பம். அலை மெலிந்த வீட்டிலோ காதோடு ஒட்டியிருக்கும் தொலைபேசி, தூரத்துக் கோபுரத்தை எட்டுவதற்காகத் தன் வலுவைக் கூட்டிக்கொள்கிறது. மேல்மாடிக்காரர் தவிர்க்கும் கதிரைக் கீழ்த்தளத்தார் தம் காதருகே வாங்கிக்கொள்கின்றனர். இதைச் சொன்னபோது சபை சற்று அமைதியாயிற்று, முடிவு எடுக்கப்படவில்லை.

கூரை விடயம் ஒத்திவைக்கப்பட்டதும், கட்டடங்களின் உள்ளே அலை கிடைப்பதை உரிம நிபந்தனையாக்க வேண்டும் என்று கோரும் கடிதம் ஒன்றை எழுதி, நமது ஒழுங்கையாரும் கொட்டாஞ்சேனைத் தோட்டத்தாரும் சேர்ந்து கையொப்பமிடுவது என்று தீர்மானித்தோம். தோட்டத்தில் ஒரே மாலையில் எழுபதுக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். எழுதத் தெரியாதோர் பெருவிரல் பதித்தனர். நமது கட்டடத்தில் வீடுகள் இருபத்துநான்கு. மூதாட்டி முதலாவதாக ஒப்பமிட்டார். பெட்டி வாங்கிய வீடுகள் ஒன்பது. அவற்றுள் நம் வீட்டையும் சேர்த்து மூன்று ஒப்பமிட்டன. மற்றையோர் கதவைத் திறந்து, கடிதத்தை வாசித்து, "எங்களுக்கு இப்ப பிரச்சினை இல்லையே" என்று அன்பாகவே சொல்லித் திருப்பித் தந்தனர். கடிதம் இப்போது ஐந்தாம் மாடியில், பூஸ்ரரைக் கழற்றியவர் வீட்டில் இருக்கிறது. வாசித்துப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.